தண்டுவடம் நசுங்கினால்: மருந்தா, ஸ்டெம் செல்லா, மின்சாரமா?

முதலில் ஒரு திருத்தம். 'தண்டுவடம் அறுந்துபோச்சு' என்று வீட்டில் சொல்கிறோம். பெரும்பாலும் அது அறுவதில்லை, நசுங்குகிறது. முள்ளெலும்பு நகர்ந்து அழுத்தியதில் நடுப்பகுதி கூழாகிவிடும். ஓரத்தில் சில இழைகள் தப்பிப் பிழைத்திருக்கும். காலில் துளி அசைவும் இல்லாமல், தொட்டாலும் தெரியாமல் வாழ்ந்தவர்களின் தண்டுவடத்தை இறந்தபின் சோதித்தபோதும் அப்படித் தப்பிய இழைகளைக் கண்டிருக்கிறார்கள். இந்த ஆராய்ச்சியில் நடக்கும் போட்டியே இதைச் சுற்றித்தான். போனதை மீட்கப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம், மிஞ்சியதை வேலை வாங்கப் பார்ப்பவர்கள் இன்னொரு பக்கம்.

கையில் நரம்பு அறுந்தால் தைத்துவிட்டால் போதும், நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் வளரும். தண்டுவடத்தில் அப்படி வளராது. அங்குள்ள நரம்புக்கே வளரும் தெம்பு இல்லை என்று நெடுங்காலம் நினைத்தார்கள். 1981இல் மான்ட்ரியலில் ஆல்பர்ட் அகுவாயோவும் சாமுவேல் டேவிடும் எலியின் கால் நரம்புத் துண்டை எடுத்துத் தண்டுவடத்தோடு பாலமாக இணைத்தார்கள். வளராது என்று கைவிடப்பட்ட இழைகள் அந்தப் பாலத்துக்குள் சுமார் 30 மில்லிமீட்டர் போயின. குறை நரம்பில் மட்டும் இல்லை, அது இருக்கும் இடத்திலும் இருக்கிறது என்று அன்று தெரிந்தது.

வழிகளை எடைபோட இரண்டு அளவுகோல் வைத்திருக்கிறேன். ஒன்று, சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழு இருந்ததா? அடிபட்ட முதல் ஓராண்டில் பலருக்குத் தானாகவே கொஞ்சம் அசைவோ உணர்வோ திரும்பும். அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். இரண்டாவது, பாதிக்கப்பட்டவர்கள் கேட்டது கிடைத்ததா? 2004இல் கிம் ஆண்டர்சன் 681 பேரிடம் எது முதலில் திரும்ப வேண்டும் என்று கேட்டார். கழுத்தில் அடிபட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கை என்றார்கள். இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களில் மிக அதிகம் பேர் முதலிடம் கொடுத்தது தாம்பத்தியத்துக்கு. சிறுநீர், மலக் கட்டுப்பாட்டை இரு தரப்பும் முக்கியம் என்றன. செய்தி அலைவரிசைகள் காட்டும் 'எழுந்து நடந்த அதிசயம்' அந்தப் பட்டியலின் உச்சியில் இல்லை.

அழற்சியை அடக்குவதா, அழைப்பதா?

அடிபட்ட கணத்தில் சாகும் செல்கள் ஒரு பங்கு. அடுத்த நாள்களில் அழற்சியால் சாகிறவை இன்னொரு பங்கு. நியூட்ரோபில்கள் என்ற வெள்ளையணுக்கள் ஒரு நாளுக்குள் வந்துவிடும். சிதைவை விழுங்கும் மேக்ரோபேஜ்கள் சில நாள் கழித்து வந்து வாரக்கணக்கில் தங்கும். இதை அணைத்தால் போதும் என்பது இயல்பான யோசனை. ஸ்டீராய்டு அப்படித்தான் வந்தது.

1990இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையில் 487 பேர். மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, உடல் எடையில் கிலோவுக்கு 30 மி.கி. ஒரே தடவையாக, பிறகு 23 மணி நேரம் மணிக்குக் கிலோவுக்கு 5.4 மி.கி. வீதம். அறுபது கிலோ மனிதருக்குக் கணக்குப் போட்டால் ஒரே நாளில் ஒன்பது கிராமுக்கு மேல். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பலன் இல்லை. 8 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தபோதுதான் சிறு முன்னேற்றம் தெரிந்தது. அந்தப் பிரித்தெடுத்த கணக்கை நம்பி உலகம் முழுக்க இதை வழக்கமாக்கினார்கள். பலனை நம்பியதைவிட வழக்குக்குப் பயந்தே ஊசி போட்டதாக அமெரிக்க அறுவை மருத்துவர்கள் சிலர் கருத்துக்கணிப்புகளில் ஒப்புக்கொண்டார்கள். தலைக்காயத்தில் இதே மருந்தை 10,008 பேரிடம் சோதித்த கிராஷ் ஆய்வு 2004இல் வந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் மருந்துக் குழுவில் 21.1 சதவீதம், மற்றதில் 17.9. அது வேறு காயம்தான், ஆனால் ஸ்டீராய்டு தீங்கற்றது என்ற நினைப்பு அதோடு போயிற்று. 2013இல் அமெரிக்க நரம்பு அறுவை அமைப்புகள் தண்டுவடக் காயத்துக்கு வேண்டாம் என்றன. 2017இல் முதுகெலும்பு மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்பான ஏஓ ஸ்பைனின் வழிகாட்டி, 8 மணி நேரத்துக்குள் என்றால் 24 மணி நேரம் கொடுப்பது ஒரு தேர்வாக இருக்கலாம் என்றது. அந்த வாக்கியத்தில் மருந்தின் மீதுள்ள நம்பிக்கையைவிட அதை முற்றாக விட மனமில்லாததுதான் எனக்குத் தெரிகிறது.

இதற்கு நேர் எதிராக நின்றவர் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்து மிக்கால் ஷ்வார்ட்ஸ். மேக்ரோபேஜ் எதிரி இல்லை, தண்டுவடத்துக்குப் போதுமான அளவு சரியான மேக்ரோபேஜ் வராததுதான் குறை என்றார். நோயாளியின் சொந்தச் செல்களை எடுத்து, வெளியே பழக்கி, காயத்தில் செலுத்தினார்கள். முதல் கட்டத்தில் 8 பேர். மூவருக்கு, முழுச் செயலிழப்பு என்ற ஏ நிலையிலிருந்து கொஞ்சம் தசை அசைவுள்ள சி நிலைக்கு முன்னேற்றம். எட்டில் மூன்று என்றால் யாருக்கும் ஆசை வரும். அதே நேரத்தில் அமெரிக்காவில் ஃபிலிப் பாப்பவிச், எலிகளில் மேக்ரோபேஜ்களை ஒழித்துக்கட்டினால்தான் நன்றாகத் தேறுகின்றன என்று காட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் கூப்பிடுகிறார், ஒருவர் விரட்டுகிறார். இருவருக்கும் எலி தேறுகிறது.

முடிச்சை அவிழ்த்தது இரண்டாம் கட்டம். 43 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். 2012இல் வந்த முடிவில் செல் பெற்ற குழு முந்தவில்லை. பெறாத குழுதான் சற்று முன்னால் இருந்தது. முதல் கட்டத்து மூவரும் எப்படியும் தேறியிருக்கக்கூடியவர்களோ என்னவோ, ஒப்பீட்டுக் குழு இல்லாததால் சொல்ல வழியில்லை. மேக்ரோபேஜில் அழிக்கும் முகமும் சீராக்கும் முகமும் உண்டு, காயத்தில் அழிக்கும் முகமே நெடுநாள் தங்குகிறது என்று பாப்பவிச் குழு 2009இல் காட்டியது. எனவே 'அழற்சி நல்லதா கெட்டதா' என்ற கேள்வியே தப்பு. எந்த நாளில், எந்த முகம் என்பதுதான் கேள்வி. ஒரே ஊசியால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

பிரேக்கும் சுவரும்

ஷ்வார்ட்ஸை ஷ்வாபோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், நானே பலமுறை குழம்பியிருக்கிறேன். சூரிச்சின் மார்ட்டின் ஷ்வாப், தண்டுவடத்தில் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மைலின் உறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் புரதம் இருப்பதைப் பிடித்தார். நோகோ-ஏ என்று பெயர். அதைக் கட்டிப்போடும் ஆன்டிபாடி கொடுத்தால் எலியில் இழைகள் வளர்ந்தன, குரங்கிலும் கை தேறியது. மனிதர்களிடம் முறையான பரிசோதனையின் முடிவு வெளிவர 2024 இறுதி ஆகிவிட்டது. கழுத்தில் புதிதாக அடிபட்ட 126 பேர், நான்கு வாரத்தில் முதுகுவழியாக ஆறு ஊசி, ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலி மருந்து. மொத்தக் கணக்கில் வித்தியாசம் நிரூபணமாகவில்லை. காயத்துக்குக் கீழே கொஞ்சமாவது உணர்வோ அசைவோ மிஞ்சியவர்களிடம் மட்டும் கை பலம் கூடியதற்கு அறிகுறி இருந்தது.

மறுபடி பிரித்தெடுத்த கணக்கு, ஆகவே ஸ்டீராய்டுக்குக் காட்டிய சந்தேகத்தை இதற்கும் காட்டத்தான் வேண்டும். ஆனாலும் இதை ஒதுக்க மனம் வரவில்லை. ஆன்டிபாடி நரம்பைப் புதிதாக உண்டாக்காது, இருப்பதைக் கிளைவிடச் செய்யும். அப்படியானால் மிஞ்சியவர்களிடம் மட்டும் பலிப்பது எதிர்பார்த்த ஒன்றுதான். அவர்களை மட்டும் சேர்த்து மறுபடி சோதிக்கத் தகுதியுள்ள மருந்து இது.

சுவர்க் கதை சுருக்கமானது. காயத்தைச் சுற்றி ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற துணைச்செல்கள் எழுப்பும் தழும்பில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகள் இழைகளை மறிக்கின்றன. காண்ட்ராய்டினேஸ் என்ற பாக்டீரிய நொதி அவற்றை வெட்டும். 2002இல் லண்டனில் எலிகளிடம் அழகாக வேலை செய்தது. உடல் சூட்டில் நொதி சீக்கிரம் செயலிழப்பது பெரிய தலைவலி. சூடு தாங்கும்படி மாற்றி, முதுகுத் தட்டு விலகிப் பின்னங்கால் விழுந்த 60 வீட்டு நாய்களிடம் சோதித்தார்கள். ஊசி பெற்றவற்றில் ஒருசில நாய்களே துணையின்றி நடந்தன. இதற்கிடையே 2016இல் மைக்கேல் சோஃப்ரோனியூ குழு, தழும்பைத் தடுத்தால் இழை வளர்ச்சி கூடவில்லை என்று காட்டியது. சுவர் என்று நினைத்தது சில இடங்களில் முட்டுக்கொடுக்கும் தூணும்கூட.

நட்டால் முளைக்குமா?

குடும்பங்கள் முதலில் விசாரிப்பது ஸ்டெம் செல்லைப் பற்றித்தான். நேர்மையாக நடக்கும் முயற்சிகளில் ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஹிதேயுகி ஒகானோ குழுவினுடையது முக்கியமானது. ஐபிஎஸ் செல்லிலிருந்து (முதிர்ந்த செல்லைப் பின்னோக்கி மாற்றி ஸ்டெம் செல் போலாக்கியது) வளர்த்த நரம்பு முன்னோடிச் செல்கள், ஆளுக்கு 20 லட்சம், அடிபட்ட சில வாரத்துக்குள். 2025 மார்ச்சில் நான்கு பேரின் முடிவைச் சொன்னார்கள். நால்வரும் ஏ நிலை. ஒருவர் இப்போது துணையின்றி நிற்கிறார், நடக்கப் பழகுகிறார். இன்னொருவருக்குக் கைகால் ஓரளவு அசைகிறது. மற்ற இருவரும் அதே நிலையில். ஏயிலிருந்து நிற்கும் நிலைக்குத் தானாகத் தேறுவது அரிது, அதனால் இதை எளிதாகத் தள்ள முடியாது. ஆனால் அந்த எட்டில் மூன்று இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதே நாட்டில் 2018இல், 13 பேரை மட்டும் சோதித்த, ஒப்பீட்டுக் குழுவே இல்லாத இன்னொரு செல் சிகிச்சைக்கு நிபந்தனையோடு விற்பனை அனுமதி கொடுத்தார்கள். பரிசோதனை முடியுமுன் கல்லாவைத் திறந்த செயல் என்பதே என் எண்ணம்.

தீங்கில்லாமல் வாங்கிப் பார்க்கலாமே என்பவர்களுக்கு ஒரு சம்பவம். போர்ச்சுகலில் மூக்கின் உட்சவ்வுத் திசுவைத் தண்டுவடத்தில் வைத்துக்கொண்ட இளம்பெண்ணுக்கு 8 ஆண்டு கழித்து முதுகுவலி. திறந்து பார்த்தால் தண்டுவடத்தில் கட்டி. உள்ளே மூக்குச் சளியைப் போன்ற பொருள். 2014இல் மருத்துவ இதழில் பதிவான செய்தி இது. இந்தியாவில் 2017இன் தேசிய வழிகாட்டி நெறிகளின்படி தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் என்பது அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனைக்குள் மட்டுமே, அதற்கு நோயாளியிடம் பணமும் வாங்கக் கூடாது. எந்த ஊரிலாவது 'பேக்கேஜ்' விலை சொன்னால் அது இந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது.

முளைக்கவைக்காமலே ஓடவைப்பது

மின்சாரத்தை நான் முதலிடத்தில் வைப்பது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். இங்கே நரம்பு மீண்டும் வளர்வது முக்கியமே இல்லை. முதுகின் உணர்வு வேர்களில் சிறு மின்துடிப்பு கொடுத்தால், கீழேயுள்ள இயக்க நரம்புகள் 'எழும்பத் தயார்' நிலைக்கு வருகின்றன. தப்பிய நாலைந்து இழைகள் வழியே மூளை அனுப்பும் மெல்லிய குரல் அப்போது போதுமானதாகிவிடுகிறது. 2011இல் அமெரிக்காவின் லூயிவில்லில் ஓர் இளைஞர், தண்டுவடத்தின் மேல் பொருத்திய மின்முனை ஓடும்போது எழுந்து நின்றார். 2018இல் சுவிட்சர்லாந்தில் கிரெகுவார் கோர்ட்டீன், ஜோஸ்லின் பிளாக் குழு, அடியெடுத்து வைக்கும் தாளத்தோடு துடிப்பை ஒத்திசைத்தது. 2023இல் மூளைப் பதிவையே தண்டுவடக் கருவியோடு கம்பியில்லாமல் இணைத்தார்கள்.

இவையெல்லாம் ஓரிருவர், சிலர். எடைபோடத் தக்கது 2024இன் அப்-லிஃப்ட் ஆய்வு. அறுவையே இல்லை, மின்முனைகள் கழுத்துத் தோலின் மேல். கழுத்தில் அடிபட்டுக் கை பலவீனமான 60 பேர். சிலருக்கு அடிபட்டு 30 ஆண்டுக்கு மேல். முதல் இரண்டு மாதம் பயிற்சி மட்டும், அடுத்த இரண்டு மாதம் பயிற்சியோடு மின்சாரம். 72 சதவீதம் பேருக்குக் கை பலத்திலும் பயன்பாட்டிலும் முன்னேற்றம். அந்த டிசம்பரிலேயே அமெரிக்க அனுமதி கிடைத்தது. போலி மின்சாரம் வைத்து ஒப்பிடாதது இதன் ஓட்டை. பயிற்சியின் தாமதப் பலனும் ஆர்வமும் எண்ணிக்கையைக் கொஞ்சம் ஊதியிருக்கலாம். ஆனால் முப்பது ஆண்டு அசையாமல் நின்ற கணக்கு தானாக நகர்ந்தது என்று சொல்வது கடினம். பழைய காயம் என்பதே இங்கே ஒப்பீட்டுக் குழுவின் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அவர்கள் கேட்டதும் கைதான்.

இடுப்புக்குக் கீழே செயலிழந்தவருக்கு மின்சாரத்தின் பதில் இவ்வளவு இனிப்பாக இல்லை. சிறுநீர்ப்பைக்கான கருவியை லண்டனில் ஜைல்ஸ் பிரிண்ட்லி 1970களிலேயே உருவாக்கினார். பொத்தானை அழுத்தினால் சிறுநீர் பிரியும். அதைப் பொருத்தும்போது வழக்கமாக இடுப்புப் பகுதி உணர்வு வேர்களை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் அனிச்சையாக வரும் விறைப்பும் போய்விடும். அந்த 681 பேரின் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டில், ஒன்றைக் கொடுத்து மற்றதை எடுத்துக்கொள்கிற கருவி.