வெளிநாட்டு மருமகளுக்கு எது தோது: எக்ஸ்-2 விசாவா, ஓசிஐ கார்டா, இந்தியக் குடியுரிமையா?

கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி பக்கத்துலேர்ந்து சிங்கப்பூர், மலேசியா, துபாய்னு வேலைக்குப் போற பசங்க அங்கயே புடிச்ச பொண்ணைப் பார்த்து கட்டிக்கிட்டு ஊருக்குக் கூட்டிட்டு வர்றது இப்ப சாதாரணமா நடக்குது, வீட்டுலயும் முன்ன மாதிரி சண்டை இல்ல, ஆனா அந்தப் பொண்ணு இங்க நிம்மதியா இருக்க எந்த பேப்பர் வாங்கணும்னு கேட்டா மட்டும் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. விசாவை நீட்டிக்கிட்டே இருந்தா போதும்னு ஒருத்தர், ஓசிஐ (வெளிநாட்டுக் குடிமகளா இருந்துக்கிட்டே விசா இல்லாம இங்க தங்க விடற இந்திய அரசு அட்டை) எடுன்னு இன்னொருத்தர், "நம்ம வீட்டு மருமக ஆயாச்சு, ஓட்டு ரேஷன் எல்லாம் வாங்கிக் குடுத்துடு"ன்னு ஊர்ப் பெரியவங்க. எங்க அண்ணி பிலிப்பைன்ஸ்காரங்க. பெரியப்பா மகன் கட்டினது யாழ்ப்பாணத்துப் பொண்ணு. ரெண்டு பேர் பேப்பர் வேலையையும் பார்த்தது நான்தான், அதனால என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். எக்ஸ்-2 விசா ஆரம்பத்துக்கு மட்டும், ரெண்டு வருஷம் ஆன உடனே ஓசிஐ, குடியுரிமை பத்தி அதுக்கப்புறம் அந்தப் பொண்ணே யோசிச்சு முடிவு பண்ணட்டும். முதல்லயே குடியுரிமைக்கு அவளை நெருக்கறது எனக்கு சரியாப் படல, ஏன்னு கீழ சொல்றேன்.

இந்த மூணுல எதை எடுத்தாலும் அடிப்படை கல்யாணப் பதிவுதான், அதுலயே ரெண்டு வழி இருக்கு. பொண்ணும் பையனும் ரெண்டு பேருமே இந்துன்னா கோயில்லயோ மண்டபத்துலயோ தாலி கட்டி இந்து திருமணச் சட்டத்துல போயிடலாம், தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 படி 90 நாளுக்குள்ள பதிவு பண்ணிடணும். பெரியப்பா வீட்டுக்கு இதுதான் சுலபமா இருந்துச்சு. அண்ணி கத்தோலிக்கர், மதம் மாறச் சொல்ல எங்க வீட்டுல யாருக்கும் மனசில்ல, அதனால சிறப்புத் திருமணச் சட்டம் 1954. இதுல யாரும் மதம் மாற வேணாம், அது பெரிய நிம்மதி. ஆனா நாள் கணக்கு கடுமையா இருக்கும். ரெண்டு பேர்ல ஒருத்தராவது கல்யாணம் பண்ணிக்கப் போறோம்னு திருமண அதிகாரிகிட்ட நோட்டீஸ் குடுக்கறதுக்கு முன்னாடி 30 நாள் அந்த மாவட்டத்துல தங்கியிருக்கணும், நோட்டீஸ் குடுத்தப்புறம் ஆட்சேபணைக்கு இன்னொரு 30 நாள், அதுக்கப்புறம் மூணு சாட்சியோட கையெழுத்து, நோட்டீஸ் குடுத்து மூணு மாசத்துக்குள்ள கல்யாணம் முடியலைன்னா மறுபடி முதல்லேர்ந்து. சிங்கப்பூர்லேர்ந்து மூணு வாரம் லீவுல வர்ற பையன் இதை முடிக்கவே முடியாது. பொண்ணு 30 நாள் டூரிஸ்ட் இ-விசாவுல வந்தாலும் முடியாது, ஒரு வருஷ இ-விசா எடுத்தா பெரும்பாலான நாட்டுக்காரங்க ஒரு தடவைக்கு 90 நாள் வரைக்கும் தங்கலாம், அது சரியா வரும். லீவே கிடைக்காதுன்னா வேலை பார்க்கற நாட்டுலயே பதிவு பண்ணி, அந்த சர்டிஃபிகேட்டுக்கு அப்போஸ்டில் (வேற நாட்டுலயும் செல்லும்னு அந்த அரசாங்கம் தர்ற சான்று முத்திரை) வாங்கிட்டு வர்றது நல்லது, சிங்கப்பூர் 2021-லேர்ந்து அப்போஸ்டில் ஒப்பந்தத்துல இருக்கு, பிலிப்பைன்ஸ் 2019-லேர்ந்து. இலங்கை அதுல இல்ல, அங்கத்திய பேப்பருக்கு அவங்க வெளியுறவு அமைச்சு முத்திரையும் நம்ம தூதரக முத்திரையும்னு தனியா ஓடணும், யாழ்ப்பாணத்துலயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கறது அந்தக் குடும்பங்களுக்கு உதவி.

பிலிப்பைன்ஸ் பொண்ணுன்னா இன்னும் ரெண்டு விஷயம் தனியா இருக்கு. கல்யாணமாகாதவர்னு அவங்க புள்ளிவிவர ஆணையம் தர்ற சர்டிஃபிகேட், செனோமார்னு சொல்வாங்க, அது இல்லாம இங்க யாரும் நோட்டீஸே வாங்க மாட்டாங்க. வெளிநாட்டுக்காரரைக் கட்டிக்கிட்டு நாட்டை விட்டுக் கிளம்பற பொண்ணுங்க அங்க ஒரு கவுன்சிலிங்குல உக்காந்து சான்று வாங்கணும், இல்லைன்னா மணிலா ஏர்போர்ட்லயே நிறுத்திடுவாங்க. நம்ம பக்கம் எல்லாம் ரெடியா இருந்தும் அந்த ஒரு தாளால பயணம் தள்ளிப் போகும், அதனால டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க.

பேரு விஷயத்தையும் இங்கயே சொல்லிடணும், ஏன்னா மூணு வழியிலயும் நம்ம ஆளுங்க மாட்டறது இதுலதான். டென்த் மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல இனிஷியல் பின்னாடி, பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா சர்நேம் கட்டத்துல, கல்யாண சர்டிஃபிகேட்ல நாலாவதா ஒரு மாதிரி. நமக்கு இதெல்லாம் ஒரே ஆளுன்னு பார்த்தாலே தெரியும், ஆன்லைன் அப்ளிகேஷனுக்குத் தெரியாது. பாஸ்போர்ட்ல இருக்கற எழுத்து எழுத்தாவே கல்யாணப் பதிவுலயும் வரணும், ரெண்டு பேருக்கும். சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பிரிண்ட் கையில வர்றதுக்கு முன்னாடியே திரையில காட்டச் சொல்லிக் கேளுங்க, கூச்சப்படாதீங்க, அங்கேயே திருத்தறது அஞ்சு நிமிஷ வேலை, வெளிய வந்துட்டா மாசக்கணக்கு.

சரி, எக்ஸ்-2 விசா. இந்தியரோட மனைவி, புள்ளைங்களுக்குன்னு இருக்கற நுழைவு விசா, கல்யாண சர்டிஃபிகேட்டை வச்சு வெளிநாட்டுல இருக்கற நம்ம தூதரகத்துல வாங்கலாம். அஞ்சு வருஷம் வரைக்கும் குடுக்கறாங்க, போக வர தடை இல்ல. 180 நாளுக்கு மேல செல்லுபடியாகற விசான்னா வந்து இறங்கி 14 நாளுக்குள்ள எஃப்ஆர்ஆர்ஓங்கற வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துல பதிவு பண்ணணும், இப்ப இ-எஃப்ஆர்ஆர்ஓ வெப்சைட்லயே முக்கால்வாசி முடிஞ்சிடுது, கூப்பிட்டா மட்டும் சென்னை ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனுக்குப் போகணும். இதோட நல்லது என்னன்னா கல்யாணம் ஆன உடனே கிடைக்கும், ரெண்டு வருஷம் காத்திருக்க வேணாம். கஷ்டம் என்னன்னா வீடு மாறினா சொல்லணும், பாஸ்போர்ட் மாறினா சொல்லணும், தேதி முடியறதுக்கு முன்னாடி நீட்டிக்கணும். சம்பா நடவு நேரத்துல வீடே வயல்ல நிக்கறப்ப விசா தேதி முடியறது யாருக்கு ஞாபகம் இருக்கும், விட்டுட்டா அபராதம், அதை விட அந்தப் பொண்ணுக்கு வர்ற பயம் இருக்கே, அது பார்க்கவே சகிக்காது. எங்கயோ பொறந்து நம்மளை நம்பி வந்தவ, தப்பு பண்ணின மாதிரி ஆபீஸ்ல நிக்கக்கூடாது. 1946 வெளிநாட்டினர் சட்டத்தையெல்லாம் எடுத்துட்டு 2025 செப்டம்பர் 1-லேர்ந்து புது குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் வந்திருக்கு, அதனால பழைய ஆளுங்க சொல்ற கணக்கை நம்பாம அன்னன்னைக்கு வெப்சைட்ல பார்த்துக்கங்க.

எக்ஸ்-2-வை வெறும் காத்திருப்புன்னு நினைக்காதீங்க, ஓசிஐக்கு இங்கேர்ந்து அப்ளை பண்ண அது தேவைப்படும். டூரிஸ்ட் விசாவுல இருக்கறவங்க இந்தியாவுக்குள்ளேர்ந்து ஓசிஐ கேட்க முடியாது, இங்க தொடர்ந்து ஆறு மாசம் குடியிருக்கறவங்களா இருக்கணும்.

ஓசிஐ என்னன்னா குடியுரிமைச் சட்டம் 7ஏ பிரிவு, இந்தியரோட வெளிநாட்டு மனைவிக்கு, கல்யாணம் பதிவாகி தொடர்ந்து ரெண்டு வருஷம் நிலைச்சிருந்தா கிடைக்கும். பதிவும் வேணும், ரெண்டு வருஷமும் வேணும், அதனால கல்யாணம் ஆன சூட்டோட பதிவு பண்ணிடுங்க, விருந்து எல்லாம் முடியட்டும்னு தள்ளாதீங்க. இங்க அப்ளை பண்ணினா ஃபீஸ் 15,000 ரூபாய். மனைவிங்கற வகையில வர்றவங்களுக்கு முன்கூட்டியே பாதுகாப்பு விசாரணை உண்டு, இன்டர்வியூ உண்டு, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் கேட்பாங்க, கல்யாண ஃபோட்டோ, சேர்ந்து இருக்கற பேங்க் கணக்கு, வீட்டு விலாசம்னு எடுத்து வச்சுக்கங்க. பாகிஸ்தான், பங்களாதேஷ் குடியுரிமை எப்பவாவது இருந்தவங்களுக்கு, அப்பா அம்மா தாத்தா பாட்டிக்கு இருந்தாலும், இந்த வழி கிடையாது.

கார்டு கைக்கு வந்துட்டா ஆயுசுக்கும் விசா வேணாம், எஃப்ஆர்ஆர்ஓ பதிவும் வேணாம், அவ சொந்த பாஸ்போர்ட் அவகிட்டயே இருக்கும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு நடுராத்திரி ஃபோன் வந்தா காலையில திருச்சி ஏர்போர்ட்ல ஏறிடலாம், யாரையும் அனுமதி கேட்க வேணாம். எனக்கு இது ஒண்ணே போதும் ஓசிஐ பக்கம் சாய.

குறையும் உண்டு, மறைக்கல. ஓட்டு கிடையாது. டெல்டாவுக்கு முக்கியமானது, விவசாய நிலம் வாங்க முடியாது, பண்ணை வீடும் தோட்டமும் கூடாது. வீடு, மனை வாங்கலாம். ஒரு மா நஞ்சை கூட அவ பேருல கிரயம் பண்ண முடியாதுங்கறப்ப மாமனார் மாமியாருக்கு வருத்தம் வரத்தான் செய்யும், ஆனா வாரிசா நிலம் வந்து சேர்றது வேற கதை, அதுக்குத் தடை இல்ல, கிரயம்தான் கூடாது. விவாகரத்து ஆனா கார்டு ரத்தாகும். மனைவிங்கற வகையில வாங்கினவங்க ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டுக்கும் மூணு மாசத்துக்குள்ள அதையும் புது ஃபோட்டோவையும், கல்யாணம் நிலைச்சிருக்குன்னு உறுதிமொழியையும் ஆன்லைன்ல ஏத்தணும், இதை நிறைய பேரு விட்டுடறாங்க.

குடியுரிமைக்கு வருவோம். இந்தியரைக் கட்டினவங்க குடியுரிமைச் சட்டம் 5(1)(சி) பிரிவுல பதிவு பண்ணிக்கலாம், ஏழு வருஷம் இந்தியாவுல குடியிருந்திருக்கணும், கடைசி 12 மாசம் முழுசா இங்கயே, அதுக்கு முந்தின எட்டு வருஷத்துல மொத்தம் ஆறு வருஷம். ஓட்டு, நிலம், அரசு வேலை எல்லாம் வரும். ஆனா இந்தியா ரெட்டைக் குடியுரிமையை ஒத்துக்காது, அவ பொறந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை விட்டே ஆகணும். அப்புறம் அவ அப்பா அம்மாவைப் பார்க்கப் போகவே வெளிநாட்டுக்காரியா போவா. பிலிப்பைன்ஸோ இலங்கையோ அவங்க பக்கம் ரெட்டைக் குடியுரிமைக்கு வழி வச்சிருந்தாலும் நம்ம பக்கம் கதவு மூடித்தான் இருக்கு, திரும்ப அதை எடுத்தா இந்தியக் குடியுரிமை போயிடும். நிலத்துக்காகவும் ஓட்டுக்காகவும் ஒரு பொண்ணைப் பொறந்த ஊரையே விட்டுக் குடுன்னு கேட்கறது பெரிய கேள்வி, அதை அவதான் கேட்டுக்கணும், நாம கேட்கக்கூடாது.

இங்கதான் பல பேருக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. அதே சட்டத்துல 5(1)(ஜி) இருக்கு, ஓசிஐ கார்டு வாங்கி அஞ்சு வருஷம் ஆகி, அப்ளை பண்றதுக்கு முன்னாடி 12 மாசம் இந்தியாவுல குடியிருந்தா குடியுரிமை கேட்கலாம். ரெண்டும் அஞ்சும் ஏழு. அதாவது நேரா குடியுரிமைக்குக் காத்திருந்தாலும் ஏழு வருஷம், ஓசிஐ வழியா போனாலும் கிட்டத்தட்ட அதே ஏழு வருஷம், ஆனா இதுல நடுவுல அஞ்சு வருஷம் விசாத் தொல்லை இல்லாம இருந்திருப்பா, அதுலயும் புருஷனோட சிங்கப்பூர்ல இருந்தா கூட அந்த அஞ்சு வருஷம் ஓடிக்கிட்டுதான் இருக்கும், 5(1)(சி)-ல அப்படி ஓடாது. மாயவரத்துல வயலைப் பார்த்துக்கிட்டு இங்கயே இருக்கற குடும்பத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான், வெளிநாட்டுல சம்பாதிச்சுட்டு பின்னாடி ஊருக்கு வரலாம்னு இருக்கறவங்களுக்கு ஓசிஐ வழிதான். புள்ளைங்களைப் பத்தி கவலை வேணாம், இங்க பொறந்து அப்பா இந்தியர், அம்மா முறையான பேப்பரோட இருக்கறவங்கன்னா புள்ளை பொறப்பாலேயே இந்தியக் குடிமகன்.

இந்த முறையான பேப்பருங்கற வார்த்தையில சிக்கினவங்க நம்ம பக்கமே இருக்காங்க, அவங்களை விட்டுட்டு எழுத மனசு வரல. படகுல பாஸ்போர்ட் இல்லாம வந்து முகாம்ல வளர்ந்த ஈழத்துப் பொண்ணை நம்ம ஊர்ப் பையன் கட்டிக்கிட்டா, 5-ஆம் பிரிவு அவளை சட்டவிரோதக் குடியேறின்னு சொல்லி வாசல்லயே நிறுத்திடுது. 2004 டிசம்பர் 3-க்கு அப்புறம் பொறந்த புள்ளைக்கும், அம்மா அந்தக் கணக்குல வந்தா, பொறப்பால குடியுரிமை இல்ல. 2025 செப்டம்பர்ல வந்த உத்தரவு, 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு பண்ணிக்கிட்ட இலங்கைத் தமிழருக்கு தண்டனையிலேர்ந்து விலக்கு குடுத்திருக்கு, அது நல்லது, ஆனா அது குடியுரிமை இல்ல. யாழ்ப்பாணத்துலேர்ந்து பாஸ்போர்ட்டோட வந்த எங்க பெரியப்பா மருமகளுக்கு மூணு வழியும் திறந்திருக்கு, அதே ஊர்லேர்ந்து குண்டுக்குப் பயந்து ஓடி வந்தவளுக்கு ஒண்ணு கூட இல்லைங்கறது என்னால ஏத்துக்க முடியாத விஷயம். இவங்க ஏஜென்ட்டுகிட்ட காசைக் குடுத்து ஏமாறாம நல்ல வக்கீலைப் பாருங்க.

கடைசியா பொண்ணோட அப்பா அம்மா. அவங்களுக்கு ஓசிஐ வராது, மகளுக்குக் கார்டு இருந்தாலும் வராது, அவங்க எப்பவும் விருந்தாளி விசாதான். 30 நாள் இ-விசா, ஒரு வருஷ இ-விசா, அஞ்சு வருஷ இ-விசா மூணு இருக்கு. வருஷா வருஷம் வர்ற எண்ணம் இருந்தா அஞ்சு வருஷம், பேரப்புள்ளை பொறக்கறப்ப ஒரு தடவைன்னா ஒரு வருஷம் போதும், 30 நாளை எடுத்துட்டு பிரசவம் தள்ளிப் போனா தவிச்சுப் போயிடுவாங்க. திருச்சியில இ-விசாவோட நேரா இறங்கலாம், சென்னை சுத்த வேணாம். இன்னொண்ணு, வெளிநாட்டுக்காரங்க நம்ம வீட்டுலயே தங்கினாலும், லாட்ஜ்ல இல்லைன்னாலும், 24 மணி நேரத்துக்குள்ள அவங்க தங்கற விவரத்தை ஆன்லைன்ல ஏத்தணும், முன்ன சி ஃபார்ம்னு சொன்னது, 2025 புது விதியில ஃபார்ம் III. நம்ம வீட்டுக்கு நம்ம சம்பந்தி வர்றதுக்கு எதுக்கு ஃபார்ம்னு தோணும், ஆனா பின்னாடி மகளோட ஓசிஐ விசாரணைக்கு போலீஸ் வீட்டுக்கு வரும்போது எல்லாம் ஒழுங்கா இருக்கணும்ல. அவங்க இறங்கின அன்னைக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்ச உடனே பாஸ்போர்ட்டை வாங்கி ஏத்திடுங்க, ஏத்தின பிரிண்ட்டை மருமக ஃபைல்லயே சேர்த்து வச்சிடுங்க.