கொள்ளா, ஓட்ஸா? முதலில் என்ன புல் போடுகிறீர்கள்?

குதிரை வளர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் கொள்ளா, ஓட்ஸா என்ற பேச்சு வந்துவிடும். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது மனிதருக்குச் சொன்னது. குதிரைக்கு அதே கொள்ளைத் தெம்புக்காக வைக்கிறோம்.

கொள்ளில் புரதம் சுமார் 22 சதவீதம். ஆனால் பச்சையாக வைத்தால் அந்தப் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருளும் அதிலேயே இருக்கிறது. அதனால்தான் ஊறவைத்து வேகவைக்கிறார்கள். ஓட்ஸில் புரதம் அதில் பாதிதான். ஆனால் அடுப்பு பற்றவைக்க வேண்டாம்; உமியோடு வருவதால் நாரும் உண்டு, மாவுச்சத்தும் சிறுகுடலிலேயே நன்றாகச் செரித்துவிடும். காசு இருந்தால் ஓட்ஸ், இல்லையென்றால் வெந்த கொள்ளு. 350 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்கு முக்கால் கிலோ ஓட்ஸ் போதும். மிஞ்சினால் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வயிற்றுவலியிலோ குளம்பு அழற்சியிலோ கொண்டுபோய் விடும்.

இந்தச் சண்டை இவ்வளவுதான். உண்மையில் அலச வேண்டியது புல்லை.

குதிரையின் வயிறு சிறியது, அமிலமோ நாள் முழுக்கச் சுரக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீர் சுரப்பது மெல்லும்போது மட்டும்தான். ஆகவே அந்த 350 கிலோ குதிரைக்குத் தினமும் 6 கிலோ காய்ந்த புல்லாவது வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, இங்கே குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் போடுகிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். பாவம், அந்தக் குதிரைகள்!

வைக்கோல் வாய்க்கு வேலை கொடுக்கும், சத்து மிகக் குறைவு. மாட்டுக்காரர்கள் கொண்டாடும் கம்பு-நேப்பியர் புல்லில் ஆக்சலேட் அதிகம். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொள்ள, மாதக்கணக்கில் இதையே தின்ற குதிரைக்கு முக எலும்பு வீங்கும். கூடவே தவிட்டையும் அள்ளிப் போட்டால் கேட்கவே வேண்டாம். என் ஓட்டு அருகம்புல்லுக்கு. பூக்கும் முன் அறுத்து, பூசணம் பிடிக்காமல் காயவைத்தது என்றால் இன்னும் நல்லது.

பெயரிலேயே குதிரை இருக்கும் குதிரை மசால் என்ற தீவனப் பயிரில் புரதமும் சுண்ணாம்பும் நிறைய. பால் கொடுக்கும் குதிரைக்கும், வளரும் குட்டிக்கும், இளைத்ததற்கும் அருகம்புல்லோடு கலந்து போடலாம். பல் தேய்ந்த கிழக்குதிரைக்குப் பொடியாக நறுக்கி, ஊறவைத்துக் கொடுக்க வேண்டும்.

கல்யாண ஊர்வலக் குதிரைகளை நினைத்தால்தான் கவலை. முகூர்த்த மாதத்தில் உழைப்பதற்கு வைத்த கொள்ளையே, ஆடியில் சும்மா கட்டிப்போட்டிருக்கும்போதும் வைக்கிறார்கள். கொழுப்பு ஏறிப் பிடரி தடித்துக் கெட்டியானால் கொள்ளு, மசால் இரண்டையும் நிறுத்திவிட்டு, சுமாரான காய்ந்த புல்லோடு உப்புக்கட்டி மட்டும் வைக்கலாம். ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள், பத்து நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள்.