சூசரைன்: எதிர்க்கட்சிய சமாளிச்சிரலாம், சொந்தக் கட்சியத்தான் சமாளிக்க முடியாது

ஸ்ட்ராட்டஜி கேம்னாலே மேப்ப விரிச்சு வச்சு படைய நகத்தி ஊரப் புடிக்கிறதுதான்னு நெனைக்கிறவங்களுக்கு மொதல்லயே சொல்லிர்றேன், சூசரைன்ங்கிற இந்த கேம்ல அந்த வேல ரொம்பக் கம்மி. இதுல முக்காவாசி நேரம் ஒரு மேஜைக்குப் பின்னாடி உக்காந்து வர்றவன் போறவன் சொல்றதக் கேட்டு, வந்த மசோதாவுல கையெழுத்துப் போடுறதா வேணாமான்னு முடிவு பண்ணணும், அம்புட்டுதான். ஆனா நான் ஆடுன எந்தப் போர் கேமும் இந்த அளவுக்கு என்னைய ராத்திரி தூங்க விடாம யோசிக்க வச்சது கெடையாது. பெர்லின்ல இருக்கிற டார்பர் கேம்ஸ்ங்கிற ஸ்டுடியோ 2020 டிசம்பர்ல விட்டது. அவனியாபுரத்துல ரூம்ல லேப்டாப்புல ஆரம்பிச்சேன், அப்புறம் மொபைல்ல வந்ததும் மாட்டுத்தாவணியில விருதுநகர் பஸ் ஏறுனா எறங்குற வரைக்கும் இதேதான். கதைய விவரமா பேசப்போறேன், அதனால புதுசா ஆடப்போறவங்க பாத்துப் படிங்க.

நாடு பேரு சோர்ட்லாண்ட், முழுக்க கற்பனை. வருஷம் 1954. நம்ம உலகத்துப் பனிப்போர் மாதிரியே அங்கிட்டு ஒரு வல்லரசு இங்கிட்டு ஒரு வல்லரசு, நடுவுல இந்த நாடு. நீங்க ஆண்டன் ரெய்ன், புதுசா ஜெயிச்ச ஜனாதிபதி. பொருளாதாரம் படுத்துக் கெடக்கு, அரசியல் சட்டம் பழசு, அத மாத்துவேன்னு மக்கள்கிட்ட ஆசை காட்டித்தான் நாற்காலிக்கு வந்திருக்கீங்க. மொத்தம் நாலு லட்சம் வார்த்தைக்கு எழுதியிருக்காங்க, ஒரு ஆட்டத்துல அதுல ஒரு பகுதியத்தான் பாக்க முடியும், அதனாலதான் திரும்பத் திரும்ப ஆடியும் புதுசா ஏதாவது மாட்டிக்கிட்டே இருக்கு.

நான் ஏற்கனவே ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4, விக்டோரியா 3ங்கிற ரெண்டு ஸ்ட்ராட்டஜி கேமும் நெறைய ஆடுனவன், அதனால வித்தியாசம் நல்லா தெரிஞ்சுச்சு. ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன்ல உள்நாட்டு அரசியல்ங்கிறது பொலிட்டிக்கல் பவர்னு மேல ஓடுற ஒரு நம்பர், ஃபோகஸ்ங்கிற தேசியத் திட்டம் ஒண்ண அமுக்கிவிட்டா பெரும்பாலும் 70 நாள்ல அது முடிஞ்சிரும், நாடே கொள்கை மாறிரும், யாரும் வந்து ஏன்னு கேக்கமாட்டாய்ங்க. விக்டோரியா 3 இதுல எவ்வளவோ மேல, நிலக்கிழார், ராணுவம், தொழிற்சங்கம்னு தனித்தனி கூட்டம், ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு செல்வாக்குன்னு சதவீதத்துல காட்டும், ஒரு சட்டம் நிறைவேற எவ்வளவு வாய்ப்புன்னுகூட போட்டுரும். எனக்கு அந்த கேம் ரொம்பப் புடிக்கும், ஆனா நிஜத்துல எந்த முதலமைச்சருக்கும் எந்தப் பிரதமருக்கும் அப்படி ஒரு சதவீதம் கண்ணு முன்னாடி தொங்குறது இல்ல. சூசரைன்ல அரசாங்கக் கஜானா எவ்வளவு, உங்க சொந்தக் காசு எவ்வளவு, இந்த ரெண்டும் தெரியும். எந்த எம்பி உங்க பக்கம், எந்த மந்திரி மனசுக்குள்ள கறுவிக்கிட்டு இருக்கான்னு எங்கயும் காட்டாது, அவன் பேசுற தோரணையில, பேப்பர்ல வர்ற செய்தியில நீங்களே புடிச்சுக்கிறணும்.

இந்த கேமோட உசுரே ஆளுங்கட்சிதான். யுஎஸ்பின்னு சுருக்கமா சொல்லுவாங்க, யுனைடெட் சோர்ட்லாண்ட் பார்ட்டி. நவீன சோர்ட்லாண்ட உண்டாக்குன டார்க்வின் சோல்னு ஒரு பழைய தலைவர், படையில இருந்து வந்தவரு, 1929 அரசியல் சட்டம் அவரோடது. அவரு இப்ப பதவியில இல்ல, ஆனா கட்சிக்குள்ள அவரு பேரச் சொன்னா இன்னைக்கும் எந்திரிச்சு நிக்கிற கூட்டம் ஒண்ணு இருக்கு, ஓல்ட் கார்டுன்னு. அவருக்கு அடுத்து வந்த அல்ஃபோன்சோ சந்தையத் தொறந்து விட்டாரு, அதுல கொஞ்சப் பேரு கொழுத்தாய்ங்க, பின்னாடி நாடே மந்தத்துல விழுந்துச்சு. இந்த ரெண்டு பேரோட பாரமும் உங்க தலையில. கட்சிக்குள்ளயே ரெண்டு கோஷ்டி: குளோரியா டோரி தலைமையில பழைமைக்காரங்க, ஆல்பின் கிளாவின் தலைமையில சீர்திருத்தக்காரங்க. ரெண்டு பேரும் உங்க ஆளுதான், ரெண்டு பேரும் உங்களப் பாத்துச் சிரிப்பாங்க, ரெண்டு பேருக்கும் வேண்டிய சட்டம் நேர் எதிரா இருக்கும். வெளிய பாத்தா கிபனரோட தேசியவாதக் கட்சி, ரிக்டரோட மக்கள் சுதந்திர நீதிக் கட்சின்னு எதிர்க்கட்சிங்க இருக்கு, ஆனா நீங்க முழி பிதுங்குற இடமெல்லாம் உங்க கட்சி ஆபீஸ்லதான் வருது.

எங்க பெரியப்பா செல்லூர்ல இருக்காரு, சின்ன வயசுல இருந்து கட்சி வேல பாத்தவரு, பூத்துல உக்காந்தே பாதி ஆயுசு போச்சு. ஒரு ஞாயித்துக்கிழம அவரு வீட்டுல உக்காந்து சட்டத்திருத்தம் ஓட்டெடுப்புக்குப் போற கட்டத்த ஆடிக்கிட்டு இருந்தேன், என்னடா இவ்வளவு நேரமா போனையே பாக்குறன்னு வந்து பக்கத்துல உக்காந்தாரு. கதையச் சொன்னேன். டோரி கோஷ்டி, கிளாவின் கோஷ்டி, கோர்ட்டு, எதிர்க்கட்சி எல்லாம் கேட்டுட்டு, "அந்த டோரி அம்மா என்ன கேக்குது?"ன்னாரு. சொன்னேன். "குடுத்துட்டியா?" இல்லன்னேன். "அப்புறம் அந்தம்மா ஆளுங்க எதுக்குடா உனக்குக் கைதூக்கணும்? எதிர்க்கட்சிக்காரன் கிட்டப் போயிப் பேசுனியா?" ரிக்டரப் பாத்துப் பேசுனதச் சொன்னேன். அதுக்கப்புறந்தான் அவருக்கு மூஞ்சி தெளிஞ்சுச்சு. "மொதல்ல தலைய எண்ணு. சிரிச்சுப் பேசுறவனெல்லாம் ஓட்டுப் போடமாட்டான், நீ கும்பிடாமப் போனவன்தான் அன்னைக்கு வயித்து வலின்னு லீவு போடுவான்"னாரு. அப்புறம் கேமையே மறந்துட்டு 1969க்குப் போயிட்டாரு. ஜனாதிபதி தேர்தல்ல காங்கிரஸோட அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி, இந்திரா அம்மா மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கன்னு சொல்ல, வி.வி.கிரி ஜெயிச்சிட்டாரு, அந்த வருஷமே கட்சி ரெண்டா ஒடஞ்சிருச்சு, காமராஜர், நிஜலிங்கப்பா எல்லாம் ஒரு பக்கம், இந்திரா ஒரு பக்கம். "அவங்கள யாரு தோக்கடிச்சா? எதிர்க்கட்சியா?"ன்னு கேட்டாரு. சோர்ட்லாண்ட் கதைய எழுதுனவங்க இதப் படிச்சாங்களான்னு எனக்குத் தெரியாது, ஆனா ஒரு பெரிய ஆளுங்கட்சி உள்ளுக்குள்ள எப்படிக் கிழியும்ங்கிறத அச்சு அசலாப் புடிச்சிருக்காங்க.

சபையில ஜெயிச்சாலும் கத முடியல, உச்ச நீதிமன்றம் இருக்கு. தலைமை நீதிபதி ஓர்சோ ஹாக்கர். சோல் காலத்து ஆளுங்களோட பிடி அங்க எவ்வளவு இறுக்கம்னு போகப் போகத்தான் வெளங்கும். நீங்க ஜனாதிபதி அதிகாரத்தக் கொறைக்கப் போறீங்களா கூட்டப் போறீங்களா, சபை போட்ட சட்டத்தத் தடுக்குற வீட்டோவ வச்சுக்கப் போறீங்களா, நீதிபதிய யாரு நியமிக்கிறது, எல்லாம் அந்தச் சட்டத்துல இருக்கு. நம்ம நாட்டுல கேசவானந்த பாரதி வழக்குல 1973ல 13 நீதிபதி உக்காந்து 7க்கு 6ன்னு தீர்ப்பு வந்துச்சே, நாடாளுமன்றம் எத வேணாலும் திருத்தலாம் ஆனா அடிப்படைக் கட்டமைப்பத் தொடக்கூடாதுன்னு, அத ஸ்கூல் புஸ்தகத்துல ஒரு வரியாப் படிச்சு மனப்பாடம் பண்ணிட்டுப் போயிட்டேன். இந்த கேம்ல ஒரு சட்டத்த ராப்பகலா ஆள் சேத்து சபையில தாண்டி கோர்ட் வாசல்ல கொண்டு போயி நிறுத்துனப்பதான் அந்த ஒரு ஓட்டு வித்தியாசம் எம்புட்டுப் பெரிய விஷயம்னு உறைச்சுச்சு. ஜனாதிபதியா உக்காந்திருக்கப்ப கோர்ட் மேல கோவம் வருது, அதே சட்டத்த நாளைக்கு ஒரு மோசமான ஆளு கையில குடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சா கோர்ட் இருக்கட்டும்னு தோணுது. ரெண்டு நெனப்பும் ஒரே ஆட்டத்துல வந்துச்சு எனக்கு.

பெர்ஜியா பத்திப் பேசாம இருக்க முடியாது. நாட்டோட பின்தங்குன பகுதி, ப்ளட்ங்கிற சிறுபான்மை மக்கள் வாழுற எடம். சோல் காலத்துல அவங்கள நசுக்குனதோட வலி இன்னும் ஆறல, அதுல ஆயுதம் தூக்குன கூட்டமும் உண்டு. தலைநகரம் ஹோல்சார்ட்ல உக்காந்திருக்கவங்களுக்கு அது ஒரு போலீஸ் பிரச்சன, உள்துறை அமைச்சர் லிலியாஸ் கிராஃப் கேக்குறதெல்லாம் படையும் அதிகாரமும்தான். அந்தம்மாவ வில்லியா எழுதல, அதான் எனக்குப் புடிச்சது, அவங்க சொல்றதுல நியாயம் இருக்கிற மாதிரியே இருக்கும், தெருவுல இன்னொரு பக்கம் யங் சோர்ட்ஸ்னு தேசியவாதப் பசங்களும் செவப்புச் சட்ட மாணவர்களும் அடிச்சுக்கிறப்ப உங்களுக்கே கை நடுங்கி ஒரு உத்தரவுல கையெழுத்துப் போட்றலாம்னு தோணும். மதுரைக்காரனுக்கு இந்தப் பகுதிய ஆடுறப்ப வேற எதுவும் ஞாபகம் வராது. 1965 ஜனவரி 25, இந்தித் திணிப்புக்கு எதிரா மாணவர்கள் ஊர்வலம் போனப்ப இதே ஊர்லதான் மோதல் வெடிச்சு மாநிலம் பூராப் பரவுச்சு. டெல்லியில இருந்து பாத்தா அது சட்டம் ஒழுங்கு, இங்கன இருந்து பாத்தா மானம். ரெண்டே வருஷத்துல 1967ல காங்கிரஸ் இங்க ஆட்சிய விட்டுப் போச்சு, இன்னைக்கு வரைக்கும் திரும்ப வரல. சூசரைன்ல நாற்காலி டெல்லி பக்கம் இருக்கு, நான் இந்தப் பக்கத்து ஆளு, அதனாலயோ என்னவோ எந்த ஆட்டத்துலயும் பெர்ஜியா மேல படைய ஏவ எனக்குக் கை வரல. மத்தவங்க அதையும் ஆடிப் பாத்துட்டு வந்து என்ன ஆச்சுன்னு சொல்லுங்க, உண்மையாவே தெரிஞ்சுக்க ஆசை.

காசு விஷயம். ஆரம்பத்துலயே நெடுஞ்சாலை போடுறதா ரயில் பாதைய நவீனப்படுத்துறதான்னு ஒரு முடிவு வரும், கஜானாவுல ரெண்டுக்கும் பணம் இல்ல. அங்க ரோடு போட்டா அந்தப் பக்கத்து ஜனம் வாழ்த்தும், இங்க விட்டுப்போன ஜனம் ஞாபகம் வச்சுக்கும், கான்ட்ராக்ட் யாருக்குங்கிறதுல வால்டர் டஸ்க், மார்செல் கொரோன்டி மாதிரி பெரும்பணக்காரங்க மூக்க நொழைப்பாய்ங்க. நம்ம ஊர்ல நாலு வழிச்சாலை எந்த ஊர் வழியாப் போகணும்னு நடந்த பேச்சயெல்லாம் கேட்டு வளந்தவங்களுக்கு இதுல ஒரு வரிகூட அந்நியமா இருக்காது. சொந்தக் காசுன்னு தனியா ஒரு கணக்கு ஓடுது பாருங்க, அத ஏத்துறதுக்கும் வழி விட்டிருக்காங்க. கேம் உங்கள திட்டாது, நீதி சொல்லாது, பின்னாடி பேப்பர்ல ஒரு நாள் வரும்.

மந்திரிசபையும் குடும்பமும் நல்லா எழுதியிருக்காங்க, அத நீங்களே பாத்துக்கங்க. துணை ஜனாதிபதி பீட்டர் வெக்டர்ன் பத்தி மட்டும் ஒரு வார்த்த: பழைய சினேகிதன் பதவியில இருந்தா எம்புட்டு நல்லது எம்புட்டு ஆபத்துங்கிறதுக்கு அந்த ஆளு ஒருத்தன் போதும்.

குறை இல்லாமலா. மொதக் குறை, முழுக்க இங்கிலீஷ் எழுத்து, அதுவும் கொஞ்சம் ஆபீஸ் இங்கிலீஷ், தமிழ் கெடையாது. எங்க அத்தை பையன் உசிலம்பட்டியில இருக்கான், அரசியல் அவனுக்கு ரத்தத்துல ஊறுனது, எந்தத் தொகுதியில யாரு எத்தன ஓட்டுல ஜெயிச்சான்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான், இந்த கேம அவன விட நல்லா ஆடுறதுக்கு ஆளே கெடையாது, ஆனா பத்து நிமிஷத்துல போன என் கையில குடுத்துட்டு நீ படிச்சு சொல்லு மாப்ள, என்ன செய்யணும்னு நான் சொல்றேன்னுட்டான். அப்படியே ஒரு முழு ஆட்டமும் போச்சு, எனக்குத் தொண்ட கட்டிருச்சு, ஆனா நான் தனியா ஆடுனதுல எதுலயும் அவ்வளவு சுத்தமா கட்சியக் கட்டி மேய்ச்சது இல்ல. இந்த மாதிரி கேம தமிழ்ல கொண்டு வந்தா நம்ம ஊர்ல ஆடுறதுக்கு ஆள் இருக்காங்கன்னு யாராவது அந்த ஸ்டுடியோவுக்கு எடுத்துச் சொல்லணும், நான் மெயில் போடலாம்னு இருக்கேன்.

ரெண்டாவது, நான் ஆடுனப்ப நெனச்ச எடத்துல சேவ் பண்ணி வச்சுக்கிற வசதி இல்ல, அதுவா சேவ் பண்ணிக்கும். முடிவுக்கு ஒரு கனம் வேணும்ங்கிறதுக்காக அப்படி வச்சிருக்காங்கன்னு புரியுது, மொத ஆட்டத்துக்கு அது சரிதான். அஞ்சாறு தடவ ஆடுனவனுக்கு ஒரே ஒரு சபை ஓட்டெடுப்ப மட்டும் வேற மாதிரி பாக்கணும்னா படிச்ச பேச்சயே மறுபடி தட்டித் தட்டிப் போறது ஆயாசமா இருக்கு. மூணாவது, பின்பாதியில பக்கத்து நாடு ரம்பர்க் போருக்கு வருமா வராதாங்கிற பயம் எல்லாத்தையும் முழுங்கிரும், அதுவரைக்கும் பாத்துப் பாத்துக் கட்டுன உள்கட்சி அரசியல் பின்னாடி போயிருது. படைக்குச் செலவழிச்சா சீர்திருத்தத்துக்குக் காசு இல்ல, செலவழிக்கலன்னா எல்லையில அடி, அந்த இழுபறி நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு டோரியும் கிளாவினும் கடைசி வரைக்கும் இன்னும் நெறைய பேசியிருக்கணும்.

2024ல கிங்டம் ஆஃப் ரிசியான்னு ஒரு டிஎல்சி, அதாவது தனியா வாங்கிச் சேத்துக்கிற கூடுதல் கதை, வந்துச்சு, அதுல நீங்க ராஜா, ரோமஸ் டோராஸ். டோராஸ், அசாரோ, சசோன்னு மூணு குடும்பம், அவங்களுக்குள்ள இருக்கிற பகைதான் அரசியல். போர் கேம் ஆடிப் பழகுனவங்களுக்கு இது கொஞ்சம் கிட்ட வரும், அதிகாரம்னு ஒரு கணக்கு கண்ணுல தெரியும், முறை மாத்தி ஆடுற சண்டையும் வச்சிருக்காங்க. நல்லாத்தான் இருக்கு, காசுக்கு வஞ்சகம் இல்ல. ஆனா ராஜாங்கிறவன் யாருகிட்டயும் ஓட்டுக் கேக்க வேண்டியது இல்ல, அந்த ஒண்ணு போயிட்டதால எனக்கு சோர்ட்லாண்ட் அளவுக்கு ஒட்டல. புதுசா வாங்குறவங்க மூலக் கதைய மொதல்ல ரெண்டு தடவையாவது முடிங்க, ஒரு தடவ கிளாவின் பக்கம், ஒரு தடவ டோரி பக்கம், அப்புறமா ரிசியாவப் பத்தி யோசிங்க. நான் அடுத்து ஏழை வீட்டுல பொறந்த ரெய்னா ஆரம்பிச்சு முழுசா பழைமைக்காரங்க கோஷ்டியோட போயிப் பாக்கப்போறேன், பெரியப்பா வர்ற ஞாயித்துக்கிழம அவரும் கூட உக்காருறேன்னு சொல்லியிருக்காரு.