எப்போதாவது வரும் டெட்லாக்: ஸ்டேட்டஸ் கட்டளையா, எர்ரர் லாக்கா?

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இரண்டு டிரான்சாக்‌ஷன்கள் (ஒன்றாக முடிய வேண்டிய கட்டளைத் தொகுதிகள்) ஒன்றின் பூட்டுக்காக இன்னொன்று காத்து முட்டிக்கொள்வதே டெட்லாக். அதற்கான 1213 பிழை வாரத்துக்கு இரண்டு முறை தலைகாட்டிவிட்டு மறைகிறதா? தடயம் தேட இரண்டு வழி உண்டு.

முதல் வழி, இன்னோடிபி என்ற சேமிப்பு எஞ்சினின் நிலையைக் காட்டும் 'ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்' கட்டளை. இதற்கு எந்த அமைப்பையும் மாற்ற வேண்டாம். பிராசஸ் உரிமை போதும். ஆனால் கடைசி டெட்லாக்கை மட்டுமே காட்டும். நள்ளிரவில் நடந்ததைக் காலையில் தேடினால், இடையில் வந்த இன்னொன்று அதை அழித்திருக்கலாம்.

'இன்னோடிபி பிரிண்ட் ஆல் டெட்லாக்ஸ்' அமைப்பை ஆன் செய்தால் ஒவ்வொரு டெட்லாக்கும் நேரத்துடன் எர்ரர் லாக்கில் (சர்வரின் பிழைப் பதிவுக் கோப்பு) பதிவாகும். ரீஸ்டார்ட் தேவையில்லை. 'செட் குளோபல்' கட்டளை மூலம் வைத்தால் ரீஸ்டார்ட்டில் போய்விடும். கான்ஃபிக் கோப்பிலும் எழுதுங்கள். பதிவுக் கோப்பு பருக்கும், உண்மைதான். இடைவிட்டு வரும் பிழைக்கு இதுவே சரி.

இரண்டிலும் ஒரே குறை: மோதிய கட்டளைகள்தான் தெரியும், அதே டிரான்சாக்‌ஷனில் முன்பு ஓடிப் பூட்டைப் பிடித்த கட்டளை தெரியாது. அதை அப்ளிகேஷன் கோடில்தான் தேட வேண்டும். பெரும்பாலும் இரண்டு இடங்கள் அட்டவணையின் ஒரே பதிவுகளை எதிரெதிர் ஒழுங்கில் அப்டேட் செய்துகொண்டிருக்கும்.

பிழை எண் 1205 என்றால் இரண்டின் டெட்லாக் பதிவிலும் அது இருக்காது. அது டெட்லாக் அல்ல, பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரம் முடிந்தது. இயல்பு வரம்பு 50 விநாடி.