ஹெல்மெட் லாக் உடைந்தால் ரோட்டோரத்தில் மாற்றாதீர்கள்

"லாக் மாற்றித் தரப்படும்" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டு, குடைக்குக் கீழே ஹெல்மெட் அடுக்கி வைத்திருக்கும் கடைகளைப் பற்றிய பதிவு இது. ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். மாட்டினால் 'டக்' என்று சத்தமும் வரும். அந்தச் சத்தத்தில்தான் ஏமாற்று வேலையே இருக்கிறது.

அப்படி லாக் மாற்றிய ஹெல்மெட் ஒன்றின் கன்னக் குஷனைக் கழற்றிப் பார்த்தபோது இருந்தது இதுதான். இடது பக்கம் கம்பெனிப் பட்டையைப் பாதியில் வெட்டி, வேறு ஒரு மெல்லிய நாடாவை ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஒட்டுப் போட்ட இடம் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. சட்டை தைக்கும் நூலில் இரண்டு நேர்த்தையல். வலது பக்கம் பழைய ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு, வாஷர் வைக்காமல் அலுமினிய பாப் ரிவெட் அடித்திருந்தார்கள். பட்டையில் ஓட்டை போட்டது சூடான கம்பியால். ஓட்டையைச் சுற்றி நைலான் உருகிக் கறுத்துக் கட்டியாக நின்றது. வெளியே தெரியும் ரிவெட் தலையை மறைக்க ஒரு ஸ்டிக்கர். பல் வெட்டிய நாக்கைப் பெட்டிக்குள் செருகி மாட்டும் பல் லாக் இருந்த இடத்தில் ஸ்கூல் பையில் வரும் இரட்டைக்கை பிளாஸ்டிக் கிளிப். ஷெல் எனும் வெளி ஓடும் உள்ளே இருக்கும் தெர்மாகோலும் நல்ல நிலையில் இருந்த ஹெல்மெட் அது. இந்த வேலைக்குப் பிறகு தலையில் வெறுமனே கவிழ்த்து வைத்ததுபோலத்தான்.

இதில் ஒவ்வொன்றும் ஏன் தப்பு என்று பார்ப்போம். ஸ்கூல் பையில் வரும் அந்தக் கிளிப்பின் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அமுக்கினால் திறந்துகொள்ளும். அது செய்யப்பட்டதே அதற்காகத்தான். தாடைக்குக் கீழே பக்கவாட்டில் அடி விழுந்தாலும் அதே அமுக்கு கிடைக்கும். வெயிலில் நிறுத்திய வண்டியின் கண்ணாடியில் மாதக்கணக்கில் தொங்கினால் அந்தக் கைகள் வெளுத்து, நொறுங்கத் தயாராகிவிடும். சூட்டுக் கம்பி ஓட்டை இன்னும் மோசம். பட்டையின் பலம் அதன் நீளவாட்டு இழைகளில் இருக்கிறது. நடுவில் சுட்டால் அங்கே இழைகள் அறுந்துபோய், மிச்ச இழைகள்தான் முழு இழுவையையும் தாங்க வேண்டும். ஒழுங்கான ஹெல்மெட்டில் பெரும்பாலும் பட்டையில் ஓட்டையே இருக்காது. ஓர் உலோகத் தகட்டின் துளைக்குள் பட்டையை நுழைத்து மடித்து நெருக்கமாகத் தைத்திருப்பார்கள். ரிவெட் அந்தத் தகட்டைத்தான் ஷெல்லோடு பிடிக்கும்.

இதெல்லாம் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஐரோப்பிய ஹெல்மெட் விதியான ஈ.சி.ஈ. 22-இன் சோதனையில், மாட்டிய பட்டையில் 10 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு இழுப்பார்கள். அந்த உதறலில் பட்டை 35 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது. அமெரிக்க விதியில் 300 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 136 கிலோ இழுவையை இரண்டு நிமிடம் தாங்க வேண்டும். நம் நாட்டு ஹெல்மெட் தரமான ஐ.எஸ். 4151-லும் பட்டைக்கும் லாக்குக்கும் தனிச் சோதனை உண்டு. ரோட்டோரக் கடைக்காரரின் இரண்டு நேர்த்தையல் இதில் எதையும் பார்த்ததில்லை.

உடைந்த லாக்கை மாற்றவே முடியாதா என்றால், பாதி முடியும். இப்போது அதிகம் வருகிற பல் லாக்கில் இரண்டு துண்டு: பல் வெட்டிய நாக்கு ஒன்று, அதை ஸ்பிரிங் கொக்கியால் பிடிக்கும் பெட்டி ஒன்று. பெரும்பாலான மாடல்களில் நாக்கின் பக்கம் பட்டை, நீளம் கூட்டிக் குறைக்கும் படிக்கட்டுத் துளைக்குள் கோத்திருக்கும், தைத்திருக்காது. நாக்கு உடைந்தால் அதே கம்பெனி, அதே வகை நாக்கை வாங்கி நாமே கோத்துக்கொள்ளலாம். கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். பெட்டி உடைந்தால் கதை வேறு. அது பட்டையோடு சேர்த்துத் தைத்தது. தயாரித்த கம்பெனியின் சர்வீஸில் பட்டையோடு மாற்றித் தந்தால் சரி, இல்லையென்றால் ஹெல்மெட்டையே மாற்றுங்கள். செருப்புத் தைக்கிறவர் எவ்வளவு கெட்டியாகத் தைத்தாலும் இது அவர் வேலை இல்லை. பழைய ஹெல்மெட்டிலிருந்து கழற்றிய லாக்கைப் புதிது என்று போடுவதும் நடக்கிறது. பல்லின் முனை மழுங்கிப் பளபளப்பாக இருந்தால் அது ஓடித் தேய்ந்த சரக்கு.

கையில் இருக்கும் ஹெல்மெட்டை வீட்டிலேயே பார்க்கலாம். தலையில் போடாமல் லாக்கை மாட்டி, பட்டைக்குள் இரண்டு கையையும் விட்டு, ரிலீஸ் நாடாவைத் தொடாமல் நான்கைந்து முறை வெடுக்கென்று உதறி இழுங்கள். ஒரு பல்கூட நழுவக்கூடாது. மெதுவாக இழுத்தால் நின்று, உதறினால் நழுவும் லாக்குகள்தான் ஆபத்தானவை. ஸ்பிரிங் தளர்ந்த அறிகுறி அது. மண்ணும் வியர்வை உப்பும் பல்லில் அடைத்திருந்தாலும் இப்படி ஆகும். பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள். தெர்மாகோலையும் பிளாஸ்டிக் ஷெல்லையும் அது தின்றுவிடும். பிறகு குஷனைக் கழற்றி இரண்டு பக்க ரிவெட்டையும் விரலால் திருகிப் பாருங்கள். சுற்றினாலோ, ஷெல்லில் அதைச் சுற்றி முடிக்கீறல் இருந்தாலோ அந்த ஹெல்மெட் முடிந்தது. பட்டை ஓரம் பிசிறடித்திருந்தாலும், நிறம் வெளுத்து விறைத்திருந்தாலும் அப்படியே.

லாக்குக்குப் பதிலாக 'D' வடிவ உலோக வளையம் இரண்டு, அதாவது டி வளையம், வைத்த ஹெல்மெட்டில் ஏமாற்ற வழி குறைவு, உடைய ஒன்றுமில்லை. ஆனால் மாட்டத் தெரியாமல் மாட்டுகிறவர்கள் ஏராளம். பட்டை நுனியை இரண்டு வளையத்துக்குள்ளும் சேர்த்து விட்டு, திருப்பி, வெளி வளையத்துக்கு மேலாகக் கொண்டுவந்து, உள் வளையத்துக்குள் மட்டும் விட்டு இழுக்க வேண்டும். நுனியில் இருக்கும் அமுக்குப் பட்டன் மிச்சப் பட்டை காற்றில் அடிக்காமல் இருப்பதற்கு. அதை மட்டும் அமுக்கிவிட்டு ஓட்டினால் பட்டை போடாத கணக்குத்தான்.

லாக் சரியாக இருந்தும் ஹெல்மெட் கழன்று போகலாம். பட்டை தொண்டையை ஒட்டி, இரண்டு விரல் மட்டும் நுழையும் அளவில் இருக்க வேண்டும். மாட்டியபின் பின்பக்கக் கீழ் விளிம்பைப் பிடித்து முன்னோக்கி மேலே தள்ளும்படி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். கண்ணை மறைத்து உருண்டு வந்துவிட்டால் சைஸ் பெரிது, அல்லது பட்டை தொங்குகிறது. முகவாயில் பொருத்தும் கப் வைத்த பட்டை வசதியாகத் தெரியும், ஈ.சி.ஈ. விதி அதை அனுமதிப்பதே இல்லை.

புது ஹெல்மெட்டிலும் இதே கூத்து உண்டு. புது வண்டி வாங்கும்போது தர நிர்ணயத்துக்கு உட்பட்ட ஹெல்மெட்டை வண்டிக் கம்பெனி தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது. சில ஷோரூம்களில் அதற்கென்று ஒரு மட்டமான சரக்கை வைத்திருப்பார்கள், அல்லது 'ஆக்சஸரீஸ்' என்று பில்லில் தனியாகக் காசு போடுவார்கள். டெலிவரி எடுக்கும் அவசரத்தில் யாரும் லாக்கை இழுத்துப் பார்ப்பதில்லை. அங்கேயே உதறிப் பாருங்கள், சங்கடம் வேண்டாம்.

2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். அதனால் போலி முத்திரைக்குக் கிராக்கி. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4151 என்றும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை, இந்த முத்திரையைத் தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் கம்பெனி பெயர், முகவரி, உரிமம் உயிரோடு இருக்கிறதா என்பது வரும். எண் வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பொருளுக்கான உரிமம், பெட்டியில் இருக்கும் பெயரும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். வேறொருவரின் எண்ணை அச்சடித்து ஒட்டுவது சகஜம்.

போலீஸுக்காகப் போடுகிறவர்களுக்கும் ஒன்று: மோட்டார் வாகனச் சட்டம் 129ஆவது பிரிவு கேட்பது பட்டை போட்டு இறுக்கிய ஹெல்மெட்டை. மீறினால் 194டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கமும் உண்டு.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், கடைக்காரரிடம் சண்டை போட்டு ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அதுதான் ஆதாரம். முத்திரை, ரிவெட், தையல், லாக் எல்லாவற்றையும் கிட்டத்தில் போட்டோ எடுத்து, பில் இருந்தால் அதையும் சேர்த்து, போலி முத்திரை என்றால் பி.ஐ.எஸ். கேர் செயலியிலும், மோசமான சரக்கு அல்லது ரிப்பேர் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் போடுங்கள். பில் தராத கடையாக இருந்தால் ஜிபே, போன்பே ரசீதே போதுமான தொடக்கம். அதில் கடைக்காரர் பெயரும் தேதியும் இருக்கும்.