வேலைக்கு அனுப்பும் உதவித் திட்டம்: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் 1996-இல் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டத்தால் பிறந்த 'டானிஃப்' திட்டம், ஏழைக் குடும்பங்களுக்குப் பண உதவி தந்து, பதிலுக்குப் பெற்றோரை வேலைக்குப் போகச் சொல்கிறது. கூட்டரசு நிதியிலிருந்து உதவி பொதுவாக 60 மாதங்களுக்குத்தான். நோக்கத்தில் குறையில்லை, கணக்கில்தான் கோளாறு. தொழிற்கல்வி 12 மாதங்கள் வரை மட்டுமே முழுமையாக வேலையாகக் கொள்ளப்படுவதால், இரண்டாண்டு செவிலியர் படிப்பில் சேர்ந்த ஒரு தாய் பாதி வழியில் கடைக் கல்லாவுக்குத் திரும்ப நேரலாம். இத்திட்டத்துக்காகக் கூட்டரசு மாநிலங்களுக்குத் தரும் ஆண்டுக்குச் சுமார் 1,650 கோடி டாலர் என்ற மானியமும் ஏறக்குறைய அன்று வைத்த இடத்திலேயே நிற்கிறது, விலைவாசி நிற்கவில்லையே! இதைவிட, மினசோட்டா மாநிலம் 1994-இல் தொடங்கிய சோதனைத் திட்டமே எனக்கு உருப்படியாகத் தெரிகிறது: சம்பளம் வந்த பிறகும் உதவியில் ஒரு பகுதியை அது விட்டுவைத்ததால், நெடுநாள் உதவி பெற்றுவந்த தனித்தாய்மாரிடையே வேலையும் வருமானமும் சேர்ந்தே உயர்ந்தன.