ஆறடியைத் தாண்டியவருக்கு எந்த மவுண்டன் சைக்கிள்: 26ஐ உயர்த்துவதா, எல் சைஸா, எக்ஸ்எல் சைஸா?

யாழ்ப்பாணத்தில் உயரமான ஒருவர் மவுண்டன் சைக்கிள் கேட்டுக் கடைக்குப் போனால் வழக்கமாகக் கிடைக்கும் பதில், "சீற்றை ஏத்திவிட்டாச் சரி தம்பி" என்பதுதான். சரிவராது அண்ணை. சீற்றை ஏற்றினால் காலுக்கு இடம் கிடைக்கும், கைக்கும் முதுகுக்கும் கிடைக்காது. நான் ஆறடி மூன்று அங்குலம். என் உயரத்துக்கு இங்கே வாங்கக்கூடிய வழி மூன்றுதான்: கடைகளில் நிறைந்து கிடக்கும் 26 அங்குலச் சில்லுச் சைக்கிளை நீட்டி உயர்த்துவது, 29 அங்குலச் சில்லோடு எல் சைஸ் எடுப்பது, காசையும் காத்திருப்பையும் பாராமல் எக்ஸ்எல் எடுப்பது.

எதை வாங்குவதானாலும் முதலில் காலை அளந்துகொள்ளுங்கள். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றைக் கவட்டுக்குள் இறுக்கமாக மேலே தள்ளிப் பிடித்து, அதன் மேல்விளிம்பு சுவரில் படும் இடத்தில் பென்சிலால் கீறுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை எனக்கு 92 செ.மீ. அதை 0.883ஆல் பெருக்கினால் 81 செ.மீ. சொச்சம் வரும். கிராங்க் அச்சின் (பெடல் கைகள் சுழலும் அச்சு) நடுவிலிருந்து சீற்றின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் ஏறக்குறைய இதுதான், மண்பாதையில் ஓடுபவர்கள் கொஞ்சம் இறக்கி வைப்பார்கள்.

இப்போது 26க்கு வருவோம். கடையில் "பெரிய சைஸ்" என்று எடுத்துத் தருவது பெரும்பாலும் 18 அங்குலப் பிறேம். அதாவது சீற் குழாய் 46 செ.மீ. அளவு. 81இல் அது போக 35, சீற்றின் தடிப்புக்கு ஒரு 5 விட்டால் மிச்சம் 30 செ.மீ. கம்பி வெளியே நிற்க வேண்டும். சைக்கிளோடு வரும் சீற் கம்பி நீளமானதாக இருந்தாலும் 35 செ.மீ.தான், அதில் 10 செ.மீ. அளவு உள்ளே இருந்தாக வேண்டும். கம்பியில் குறுக்காக வெட்டியிருக்கும் கோடு அதற்குத்தான், அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது. ஆக 25 செ.மீ.தான் கிடைக்கும், 5 குறைகிறது. அந்தக் குறையைக் கோட்டுக்கு மேல் இழுத்துச் சமாளிக்கிறவர்கள் நிறையப் பேர். உயரமான ஆளின் பாரம் முழுவதும் அந்த நீண்ட கம்பியின் நுனியில் இருந்து நெம்ப, பிறேமின் மேல் பாரும் சீற் குழாயும் சேரும் ஒட்டில் பிறேம் வெடிக்கும். 40 செ.மீ. கம்பி போட்டால் கணக்கு மட்டுமட்டாக வரும், ஆனால் பழைய கம்பியின் விட்டத்தை அளக்காமல் வாங்காதீர்கள், அரை மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தாலும் பொருந்தாது.

கம்பி பொருந்திவிட்டது என்றே வையுங்கள். ஹாண்டில் அதே இடத்தில்தான் நிற்கிறது. சீற் உயர உயர நீங்கள் பின்னுக்கும் மேலுக்கும் போகிறீர்கள், ஹாண்டில் கீழே கிடக்கிறது, பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கி விரல் விறைக்கத் தொடங்கும். இறுக்கமாகத் திரும்பினால் முழங்கால் ஹாண்டிலில் இடிக்கும். சந்தைக்குப் போய்வர இது போதும். பண்ணைக் கடற்பாதையால் ஏறித் தீவுப் பக்கம் வேலணை, ஊர்காவற்றுறை என்று போகிறவருக்குப் போதாது. ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்களிலும் சாமான் நல்லதாக இருக்கும், பிறேம்தான் அநேகமாகச் சின்னது.

26இன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. ரயரும் ரியூப்பும் எந்தச் சந்தியிலும் கிடைக்கும். 29க்கு நகரத்தில் தேட வேண்டும், இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும். நம் வீடுகளில் இன்னும் நிற்கும் 28 அங்குலப் பழைய சைக்கிளின் ரயர் இதற்கு ஆகுமா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. 29இன் ரிம் 622 மி.மீ., கம்பிப் பிறேக் போட்ட அந்தப் பழைய 28இன் ரிம் 635 மி.மீ. இருந்தாலும் அந்தச் சைக்கிள்களைக் குறைவாக நினைக்காதீர்கள். றலி போன்றவை 24 அங்குலப் பிறேமிலும் வந்தன. நெட்டையான அப்பாக்கள் முதுகு நிமிர்ந்து ஓடியதற்குக் காரணம் அந்த அளவுதான்.

எல் சைஸா, எக்ஸ்எல் சைஸா என்பதுதான் உண்மையான போட்டி. இங்கே எழுத்தை நம்பிப் பயனில்லை. பார்க்க வேண்டியது ரீச் என்ற அளவு: கிராங்க் அச்சுக்கு நேர் மேலே ஒரு கோடு போட்டால், அதிலிருந்து ஹாண்டில் இறங்கும் குழாயின் மேல்நடு வரை கிடையாக இருக்கும் தூரம். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்திய எல் ஒன்றில் அது 430 மி.மீ. அளவில் இருக்கும், இப்போது வரும் எல் பலவற்றில் 460, 480 என்று நிற்கிறது, எக்ஸ்எல் 500ஐத் தொடுகிறது. ஆகவே பழைய எக்ஸ்எல்லும் புது எல்லும் நீளத்தில் ஒன்றாக இருக்கலாம். செகண்ட் ஹாண்ட் வாங்குகிறவர் வருடத்தையும் மொடலையும் கேட்டுக் கம்பனியின் அளவு அட்டவணையைப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

ஆறடி, ஆறடி ஒன்று என்றால் நான் புது எல் சைஸைத்தான் சொல்வேன். திருப்ப இலகு, மணற்காட்டுப் பக்கம் மணலில் புதைந்து காலூன்ற வேண்டி வந்தாலும் பார் இடிக்காது. ஆறடி இரண்டில் உடம்பைப் பார்க்க வேண்டும். கால் நீண்டு உடம்பு குட்டையானவருக்கு எல்லும் நீளமான சீற் கம்பியும், கூடவே மேலே வளைந்த ஹாண்டிலும் சரிவரும், உடம்பும் கையும் நீண்டவருக்கு எக்ஸ்எல்தான். ஆறடி மூன்றுக்கு மேல் யோசிக்கவே வேண்டாம், எக்ஸ்எல். எல் சைஸுக்கு நீண்ட ஸ்டெம் (ஹாண்டிலைப் பிடித்து நிற்கும் கட்டை) போட்டு நீட்டலாம் என்பார்கள், போட்டால் திருப்பம் மந்தமாகும், பாரம் முன் சில்லில் ஏறும், மணலில் அது நேரே புதையும்.

எக்ஸ்எல்லுக்கு எதிராக இங்கே சொல்லக்கூடிய பெரிய குறை காற்று. நிமிர்ந்து இருப்பதால் சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பண்ணைப் பாதையில் தீவுப் பக்கம் போகும்போது நெஞ்சில் வாங்க வேண்டும். அப்படியும் நான் எக்ஸ்எல்லைத்தான் எடுப்பேன். நீளமான பிறேமில் முழங்கையை மடித்துக் குனிய இடம் இருக்கிறது, சின்னப் பிறேமில் குனிந்தால் முழங்கால் வயிற்றில் வந்து முட்டும். ஏற்றத்தில் முன்சில்லு தூக்குமா என்ற கேள்வி மலைநாட்டில் ஓடுகிறவர்களுக்குப் பெரிய விசயம், நம் தரைக்கு அது ஒரு பொருட்டில்லை.

செகண்ட் ஹாண்ட் எக்ஸ்எல் கண்ணில் பட்டால் ஸ்டெம்மின் கீழே வளையங்கள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். வளையம் குறைவாக இருந்து, முன் சொந்தக்காரர் ஹாண்டிலை இறக்குவதற்காக, முன் சில்லைத் தாங்கும் போர்க்கின் குழாயைக் கட்டையாக வெட்டியிருந்தால் அதைத் திரும்ப நீட்ட முடியாது, போர்க்கையே மாற்ற வேண்டும். அந்தக் காசையும் சேர்த்து விலை பேசுங்கள்.